ஏஐக்குப் புரிந்தால் போதுமா? ஆங்கிலம் பேசிப் பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ செயலிகளுடன் குரலிலேயே பேசலாம் என்றானதும், சிங்கப்பூரில் வேலை முடிந்து தங்கும் விடுதிக்குத் திரும்பும் தம்பிகளிலிருந்து பிள்ளையின் ஆசிரியரைப் பார்க்கத் தயங்கும் அம்மாக்கள்வரை பலரும் அதனிடம் ஆங்கிலம் பழகுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், "அதுகிட்ட நல்லாத்தான் பேசறேன், சூப்பர்வைசர் முன்னாடி நின்னா யாருக்கும் புரிய மாட்டேங்குது" என்ற புலம்பலும் கூடவே கேட்கிறது.

ஏஐக்குப் புரிந்துவிட்டால் நாம் சரியாகப் பேசிவிட்டோம் என்று நம்புவதுதான் பெரிய தவறு. பல செயலிகள் நம் பேச்சை முதலில் எழுத்தாக மாற்றி, அந்த எழுத்தைப் படித்துத்தான் பதில் சொல்கின்றன. மாற்றும்போதே முன்பின் சொற்களை வைத்து ஊகித்துக்கொள்ளும். ஒலியை நேரடியாகக் கேட்கும் புதிய வகைகளும் ஊகிப்பதில் சளைத்தவை அல்ல. "இந்த ஃபாரத்துக்கு ரெண்டு காப்பி வேணும்" என்று ஆங்கிலத்தில் கேட்டால், நகலா குடிக்கிற காபியா என்று அது குழம்பாது. நம் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுதான் என்பதும் நமக்குத் தெரியாமலே போய்விடும். காபி பரவாயில்லை. ஃபிஃப்டி மூட்டை சிமெண்டா, ஃபிஃப்டீன் மூட்டையா? இதில் ஊகிக்க முன்பின் சொற்களும் உதவாது. ஏதோ ஒன்றை எழுதிக்கொண்டு 'கிரேட்' என்று உற்சாகமாகச் சொல்லும். விஷயம் லாரி வந்த பிறகுதான் வெளிப்படும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. கைப்பேசி விசைப்பலகையில் மைக்கைத் தட்டி, வாக்கியமே இல்லாமல் தனிச்சொல்லாகச் சொல்லுங்கள்: காஃபி, காப்பி, ஃபிஃப்டி, ஃபிஃப்டீன். வரிசையை மாற்றி மாற்றிச் சொல்லி, திரையில் எது விழுகிறது என்று பாருங்கள். ஃபிஃப்டீனில் பின்பாதியை அழுத்தி நீட்ட வேண்டும், ஃபிஃப்டியில் முன்பாதியை அழுத்தி, பின்பாதியைச் சுருக்க வேண்டும்.

அடுத்தது பாராட்டு மயக்கம். "தப்பைத் திருத்து" என்று மட்டும் சொன்னால் இரண்டு வரி திருத்திவிட்டு மறந்துவிடும். "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்", "யெஸ்டர்டே ஒன்லி ஐ கேம்" போன்ற தவறுகள் எல்லாம் சத்தமில்லாமல் கடந்துபோகும். ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிடுங்கள், தமிழிலேயே சொல்லலாம்: "நடுவில் குறுக்கிடாதே. முடித்ததும் பெரிய தவறு மூன்று மட்டும் சொல். நான் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு, சரியானதைச் சொல். பாராட்டு வேண்டாம்." பிறகு அதே பேச்சை மறுபடி பேசுங்கள். பலர் இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிடுகிறார்கள். மாற்றம் அதில்தான் வரும்.

யோசிக்கச் சற்று நிறுத்தினாலே பேச்சு முடிந்தது என்று அது குதித்துவிடும். அதற்குப் பயந்து தமிழில் எழுதி, மொழிபெயர்த்து, பார்த்து வாசிப்பவர்கள் உண்டு. அது வாசிப்புப் பயிற்சி. "லெட் மீ திங்க்" என்று சொல்லி நேரம் வாங்கப் பழகுவது மேல். மனிதர்களிடமும் அது உதவும்.

பொழுதுபோக்கு என்ன, பிடித்த படம் எது என்று அது கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பதும் வீண். வேலையிடத்தில் காலையில் நடக்கும் பாதுகாப்புக் கூட்டமான டூல்பாக்ஸ் மீட்டிங், பலதுறை மருந்தகத்தில் நோயைச் சொல்வது, வேலை நேர்காணல் என்று உங்களுக்கு நாளை வரப்போகும் பேச்சைக் கொடுங்கள். ஆனால் ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்), முதலாளி பெயர், வாடிக்கையாளர் விவரம் எதையும் கொடுக்காதீர்கள்.

சிங்கப்பூரின் பேச்சுவழக்கு ஆங்கிலமான சிங்கிலிஷ் பேசச் சொன்னால் வாக்கியத்துக்கு ஒரு 'லா' போட்டு நாடகம் ஆடும். அதை நம்பிப் பழக வேண்டாம். நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கத்தை அரசாங்கம் 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் உணவங்காடியில் 'கேன்' (முடியும்), 'கேனாட்' (முடியாது) இன்னும் ஜோராக ஓடுகிறது! அங்கே அதுவே போதும், நேர்காணலில் போதாது. ஏஐ நிதானமாக, தெளிவாகப் பேசுவதால் காது சோம்பேறியாகிவிடும். அதைத் தட்டியெழுப்ப, சிஎன்ஏ938 ஆங்கிலச் செய்தி வானொலியில் தொலைபேசிப் பேட்டிகளைக் கேளுங்கள்.

மனிதர்களிடம் பேசுவதை ஒத்திப்போட இதை ஒரு சாக்காக்கிக்கொள்ளவும் வேண்டாம். பல சமூக மன்றங்களில், மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் குழுக்கள் கூடுகின்றன. விருந்தினராகப் போய்ச் சும்மா உட்கார்ந்து கேட்டுவிட்டு வரலாம். முதல் நாளே பேசு என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.