குறைபார்வை உள்ளவர்கள் மின்னணு உருப்பெருக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேமராவால் எழுத்தைப் படம்பிடித்துத் திரையில் பெரிதாகக் காட்டும் மின்னணு உருப்பெருக்கி வாங்கச் செல்பவர், வீட்டுக்கு வரும் தமிழ் நாளிதழையும் தினமும் சாப்பிடும் மருந்தின் பெட்டியையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். தடித்த ரோமன் எழுத்தில் அச்சிட்ட மாதிரித் தாளை எந்தக் கருவியும் தெளிவாகவே காட்டும். தமிழில் அப்படியல்ல, ஒரு புள்ளி மங்கினாலும் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும், ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாமல் போகும். ஆகவே தமிழ்ப் பக்கத்தில் சோதிக்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

அதற்கு முன்பே கண் மருத்துவரிடம் குறைபார்வைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். தகுந்த கண்ணாடி அணிந்த பிறகும், இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வைக்கூர்மை 6/18-க்குக் கீழாகவும் (6/18 என்றால், இயல்பான கண் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண முடியும்) 3/60-க்குக் குறையாமலும் இருப்பதையே குறைபார்வை என்று பொதுவாக வரையறுப்பார்கள். கருவியின் திரை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும். மேசைத் திரையை, தூரத்துக்கும் அருகுக்கும் ஒரே வில்லையில் பார்க்க உதவும் ‘புரோகிரசிவ்’ கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முயல்பவருக்குக் கழுத்து வலிதான் மிஞ்சும். கோலாலம்பூரில் இருப்பவர்கள், பிரிக்பீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்திலும், பினாங்கில் இருப்பவர்கள் பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லத்திலும் முதலில் விசாரிக்கலாம்.

கையடக்கக் கருவியா, மேசைக் கருவியா என்பதை எதைப் படிக்கப் போகிறோம் என்பதே முடிவு செய்யும். 5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். அதில் 10 மடங்கு பெரிதாக்கினால் தாளில் 1.1 சென்டிமீட்டர் மட்டுமே ஒரே நேரத்தில் தெரியும். விலைச்சீட்டு, மருந்துப் பெட்டி, மின்கட்டண பில்லில் உள்ள தொகை ஆகியவற்றைப் பார்க்க அது போதும். தலையங்கத்தை வாசிக்கவோ, இரண்டு சொல்லுக்கு ஒருமுறை கையை நகர்த்த வேண்டியிருப்பதால், பொறுமை போய்விடும். 24 அங்குலத் திரையில் அதே 10 மடங்குக்கு 5 சென்டிமீட்டருக்குமேல் தெரிவதால், நாளிதழின் ஒரு பத்தி பெரும்பாலும் முழு அகலத்தில் அடங்கிவிடும். அதிகபட்ச மடங்கு எண்ணை விளம்பரத்தில் பார்த்து மயங்க வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த மடங்கே வாசிப்பதற்கு நல்லது.

மேசைக் கருவியை ஜன்னலுக்கு எதிரே வைக்காமல், வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைக்க வேண்டும். பளபளப்பான தாள் கண்ணைக் கூசச் செய்தால் கருவியின் விளக்கை அணைத்துப் பார்க்கலாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்தாக மாற்றும் வசதி பலருக்கு மிகவும் உதவுகிறது. புகைப்படங்கள் அதில் அலங்கோலமாகத் தெரியும் என்பது வேறு விஷயம். தாளை வைக்கும் தட்டு நகரக்கூடியதாக இருந்தால், அதன் மேல்கீழ் அசைவை இறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் நகர்த்திப் பழக வேண்டும். அப்போது வரி தவறாது.

செலவில்லாமல் தொடங்க விரும்புபவர் திறன்பேசியிலேயே முயலலாம். ஐஃபோனில் உருப்பெருக்கி வசதி 2016-லிருந்து இருக்கிறது. கேமராவை நீட்டிப் பிடிக்கக் கை நடுங்கினால், படத்தை உறையவைத்து நிதானமாகப் பெரிதாக்கலாம். கேமராவில் தெரியும் எழுத்தைப் படிக்கும் கூகுள் லென்ஸ் செயலி அச்சிட்ட தமிழை அடையாளம் காணும் என்பதால், நீண்ட கட்டுரைகளைக் குரலில் கேட்பதும் கண்ணுக்கு ஓய்வு. மலாய்க் கடிதத்தைத் தமிழ்க் குரலில் கேட்டால் ஒன்றும் விளங்காது. திறன்பேசியின் அமைப்புகளில் மலாய்க் குரலையும் சேர்த்து வைக்க வேண்டும். மருந்தின் அளவு, வங்கிக் கணக்கு எண் போன்றவற்றைக் குரல் சொன்னாலும், எழுத்தைப் பெரிதாக்கிக் கண்ணாலும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.