மூடுபனியில் போர்ட்ரெய்ட்: பார்ட்டி கேட்ட படமும் நாம் ஆசைப்படும் படமும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கல்யாண ஜோடியை அவுட்டோர் எடுக்கப் போனால் கையில் இரண்டு வேலை இருக்கும். ஒன்று, காசு கொடுத்துக் கேட்ட படம்: முகம் தெளிவாக, பட்டின் நிறம் மாறாமல், வீட்டு ஹாலில் மாட்டுகிற மாதிரி. இன்னொன்று, மூடுபனியைப் பார்த்ததும் எடுக்கத் தோன்றுகிற சோதனைப் படம். இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தால் இரண்டுமே கெடும். கேட்டதை முதலில் முடித்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தைச் சோதனைக்கு விடுங்கள். பெரும்பாலும் காலை தெளிவாக இருந்து மதியத்துக்கு மேல்தான் பனி ஏறும் என்பதால் இந்த வரிசை இங்கே நன்றாகவே ஒத்துவரும்.

அட்வான்ஸ் வாங்கும்போதே மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். கட்டாயப் படங்களின் பட்டியல் (ஜோடி முழு உருவம், பாதி உருவம், தனித்தனி முகம், பெற்றோருடன்), சோதனைக்கான அரை மணி நேரம், அந்தப் படங்களை வெளியே பகிரலாமா என்பது. இதைப் பேசாமல் விட்டால், “முகமே தெரியலையே தம்பி” என்று பெண்ணின் அம்மா கேட்கும்போது பதில் இருக்காது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு வண்டி இ-பாஸையும் நினைவுபடுத்துங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். தேயிலைத் தோட்டம் என்றால் எஸ்டேட் நிர்வாகத்திடமும், காடு என்றால் வனத்துறையிடமும் முன்னதாகவே அனுமதி வாங்குங்கள்.

கட்டாயப் படங்களுக்கு 85 எம்எம் லென்ஸ், இருவர் என்றால் எஃப்/4, ஷட்டர் 1/250. பனி வெள்ளையைப் பார்த்து கேமரா மீட்டர் படத்தை இருட்டாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் பனி வந்து போகும்போதெல்லாம் தோல் நிறம் மாறும். வெயிலில் 5500 கெல்வின், பனியில் 6500 கெல்வின் என்று பூட்டிவிடுங்கள். தேயிலைச் செடிக்கு நடுவே நிறுத்தினால் தாடைக்கு அடியில் பச்சை ஏறும். எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரிய தொல்லை. மண் பாதையிலோ கல் படியிலோ நிறுத்தி, வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து இடுப்பு உயரத்தில் உதவியாளரைப் பிடிக்கச் சொன்னால் பெருமளவு போய்விடும். பட்டியல் முடிந்ததும் திரையில் பெரிதாக்கி, கண் ஃபோகஸ் சரியா, யாராவது கண் மூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு மெமரி கார்டை மாற்றுங்கள். வேறு கார்டு என்றால் அவசரத்தில் எதுவும் அழியாது.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும். மலையில் முதலில் செய்ய வேண்டியது டபுள் எக்ஸ்போஷர்தான், அதாவது இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கேமராவிலேயே சேர்ப்பது. பங்களா வராண்டாவில் வாசலிலிருந்து மூன்றடி உள்ளே ஒருவரை, முகத்தில் வெளிச்சம் விழாதபடி, பக்கவாட்டில் நிறுத்துங்கள். பின்னால் வெறும் பனி மட்டும் இருக்கட்டும், மரம் வேண்டாம். பனி முழு வெள்ளையாகும்வரை எக்ஸ்போஷரை ஏற்றினாலும் முகம் கறுப்பாகவே நிற்கும். இரண்டாவது படமாக பெரணியையோ சில்வர் ஓக் கிளையையோ ஒரு ஸ்டாப் குறைத்து (வெளிச்சத்தைப் பாதியாக்கி) எடுங்கள். படங்களைச் சேர்க்கும் முறையை கேனானில் ‘ஆடிட்டிவ்’, நிக்கானில் ‘ஆட்’ என்று வையுங்கள். ஏற்கெனவே வெள்ளையாகிவிட்ட இடம் இதற்கு மேல் வெளிச்சம் வாங்காது. கறுப்பாக இருக்கும் முகத்துக்குள் மட்டும் இலை விரியும். சட்டை வெள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் இலை மங்கிப்போகும், அதனால் அடர் நிறம் உடுத்தச் சொல்லுங்கள். மூக்கும் உதடும் கோடாகத் தெரிய வேண்டும். தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னால் போதும்.

அடுத்தது பின்பக்க பிளாஷ். ஜோடிக்கு ஆறடி பின்னால், அவர்கள் உடல் மறைக்கும்படி பிளாஷை வைத்து கேமராவை நோக்கித் திருப்புங்கள். 1/16 பவர், ஐஎஸ்ஓ 800, எஃப்/4, 1/200. பனித்துளிகள் ஒளியை வாங்கி இருவரைச் சுற்றியும் மினுங்கும். கேமரா மேலேயே பிளாஷ் போட்டால், லென்ஸுக்கு அருகில் இருக்கும் துளிகள் ஒளியைத் திருப்பி அடித்துப் படம் முழுக்க வெள்ளை வட்டங்கள் விழும்.

பனி அடர்ந்தால் ஆட்டோஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் தேடும். கறுப்பு முடியும் நெற்றியும் சேரும் இடத்தில் ஒற்றைப் புள்ளியை வைத்தால் பிடித்துக்கொள்ளும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பேட்டரியைச் சட்டை உள்பாக்கெட்டில் வையுங்கள். ஹீட்டர் போட்ட அறைக்குள் நுழையும் முன் கேமராவை மூடிய பைக்குள் போட்டு அரை மணி நேரம் திறக்காதீர்கள், இல்லையென்றால் லென்ஸில் நீர் படியும்.

கொடுக்கும்போது கட்டாயப் படங்கள் முதலில் போகட்டும். சோதனைப் படங்களில் ஐந்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தனி ஃபோல்டரில் கொடுங்கள். 12x36 அங்குல ஆல்பத்தில் ஜோடி விரும்பினால் சோதனைப் படங்களுக்கு ஒரே ஒரு விரிப்பு (எதிரெதிர் இரு பக்கம்) வையுங்கள். பெற்றோருக்கான பிரதியில் அதுவும் வேண்டாம்.