எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் வீட்டுக்குச் செல்லும் களப்பணியாளருக்கு

திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ ஒரு தெருவுக்குள் புதிய ஆள் நுழைந்தால், மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்கள் கையை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்து, "யாரத் தேடி வந்திருக்கிய?" என்று கேட்பார்கள். அதற்கான பதிலை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே தயாராக வைத்திருக்க வேண்டும். நாம் வந்து போனதே அந்த வீட்டின் இரகசியத்தை ஊருக்குச் சொல்லிவிடக் கூடாது.

முதல் சந்திப்புக்கு முன், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலோ தொலைபேசியிலோ தொற்றுள்ளவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: எங்கே சந்திக்கலாம், வீட்டில் யாருக்குத் தெரியும், யாராவது கேட்டால் என்னை யார் என்று சொல்வீர்கள்? ஊருக்குள்ளேயே வர வேண்டாம், ஜங்ஷனில் பார்த்துக்கொள்வோம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குக் கட்டுப்படுவதே முறை. வீட்டுக்குத்தான் செல்வது என்றால், அதே தெருவில் சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள நாலைந்து வீடுகளையும் அன்றே பார்த்து, எல்லா இடத்திலும் ஒரே பையைத் திறங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். பயிற்சியில் கொடுத்த, எச்.ஐ.வி. விழிப்புணர்வுச் சின்னமான சிவப்பு ரிப்பன் அச்சிட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா அதற்குப்பின் மூன்று மாதம் எனக்குக் கதவைத் திறக்கவில்லை.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் சம்மதமின்றிப் பரிசோதனை செய்யவும் கூடாது, அவரது நிலையை வெளியிடவும் கூடாது. துணைவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தாலும் அந்த அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே உண்டு. எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் களப்பணியாளர் அதில் தலையிடலாகாது. குறிப்பேட்டில் பெயருக்குப் பதிலாக எண்ணை மட்டும் எழுதுங்கள்.

சிகிச்சையைப் பொறுத்தவரை, இப்போது பெரும்பாலானோருக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒருமுறை. புட்டியில் 30 இருக்கும். மிச்சத்தை எண்ணினால் தவறிய நாள்கள் தெரிந்துவிடும். ஆனால் மாமியார் எதிரில் எண்ண வேண்டாம், "எத்தனை மிச்சம் இருக்கு மைனி?" என்று தனியாகக் கேட்டாலே போதும். லேபிளைக் கிழித்துவிட்டு அரிசிப் பானைக்குள் புட்டியை ஒளித்து வைத்திருப்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். மாத்திரையை மட்டும் வேறு டப்பாவுக்கு மாற்றாமல், ஈரம் படாமல் மூடி வைக்கச் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் இந்த எச்.ஐ.வி. மாத்திரையுடன் சேர்த்து விழுங்கினால் டோலுடெக்ராவிர் உடலில் சரியாகச் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ இதைச் சாப்பிட வேண்டும், அல்லது எல்லாவற்றையும் உணவோடு சேர்த்து எடுக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே வரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் இதனுடன் சேரும்போது இரத்தத்தில் அளவு கூடும் என்பதால், ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் மருத்துவர் வரையறுப்பார். ஆகவே அந்த வீட்டில் அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எழுதி, எச்.ஐ.வி. மருந்து வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கொடுத்தனுப்புங்கள்.

ஒவ்வொரு முறையும் இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை ஆகிய நான்கையும் கேளுங்கள்; ஒன்று இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

தடுப்புப் பணியில் மிகவும் பயன்படும் செய்தி, மருந்தைத் தவறாமல் எடுத்து இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையைத் தக்கவைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதுதான். இதை நம்பாத தம்பதியரை ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். பிறந்த குழந்தைக்குத் தடுப்பு மருந்தும், ஆறாம் வாரத்தில் இரத்தப் பரிசோதனையும், 18ஆம் மாதத்தில் உறுதிப்படுத்தும் பரிசோதனையும் தவறக் கூடாது. பிறருக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் குத்திவிட்டாலோ பாலியல் வன்முறை நேர்ந்தாலோ 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் அன்றே, மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து கிடைக்கும். அந்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். தம்ளரால் பரவாது என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியிருக்காது.

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய இரண்டு வாரம் வழக்கத்தைவிடக் கவனம் தேவை. மும்பையிலும் சென்னையிலும் இருப்பவர்கள் சாஸ்தா கோயிலுக்கு வந்து, கூடுதலாகப் பத்து நாள் தங்கிவிடுவார்கள். கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோகும். சிகிச்சைப் புத்தகம் கையில் இருந்தால் இங்குள்ள ஏ.ஆர்.டி. மையத்திலேயே இடைக்கால மருந்து கேட்டு வாங்கலாம் என்பதை, வீடு நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்குவதற்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.