பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தியது யார்? மூன்று நிறங்களில் ஒரு வாசிப்பு

இஸ்ரவேலரை விடுதலை செய்ய மறுத்த எகிப்து அரசன் பார்வோனின் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்தினார் என்றால், அப்புறம் அவனைத் தண்டிப்பது என்ன நியாயம்? வேதாகமத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தை முதல்முறை வாசிக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். உடனே விளக்கவுரைகளைப் புரட்டாதீர்கள். ஒரு வேதாகமம், சிவப்புப் பேனா, நீலப் பேனா, பென்சில் போதும்.

படி 1: 4ஆம் அதிகாரம் முதல் 14 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள். இப்போது கோடு போட வேண்டாம்.

படி 2: இரண்டாம் முறை வாசிக்கும்போது, இருதயம் கடினமாகும் ஒவ்வோர் இடத்திலும் ‘யார் செய்தது?’ என்று பாருங்கள். கர்த்தர் என்றால் சிவப்பு. பார்வோன் தானே என்றால் நீலம். யாரென்று சொல்லாமல் ‘கடினமாயிற்று’ என்று மட்டும் இருந்தால் பென்சில். 4:21, 7:3 இரண்டும் முன்னறிவிப்பு. அவற்றைச் சிவப்பில் வட்டமிட்டுத் தனியாக வையுங்கள்.

படி 3: இனி, எகிப்தின்மேல் கர்த்தர் வரப்பண்ணிய தண்டனைகளான வாதைகளோடு பொருத்துங்கள். தண்ணீர் இரத்தமானபோது பென்சில் (7:22), தவளைக்கு நீலம் (8:15), பேனுக்குப் பென்சில் (8:19), வண்டுக்கு நீலம் (8:32), கால்நடைகளின் கொள்ளைநோய்க்குப் பென்சில் (9:7). ஐந்து வாதைகளில் ஒரு சிவப்புகூட இல்லை. ஆறாவதான கொப்புளத்தில்தான் முதல் சிவப்பு (9:12).

‘சரி, முதலில் அவன், பிறகு கர்த்தர்’ என்று முடிவுகட்டத் தோன்றும். ஏழாவதான கல்மழை அதற்கு இடம் கொடுக்காது. 9:34 நீலம், 9:35 பென்சில், 10:1 சிவப்பு. ஒரே பிடிவாதம், அடுத்தடுத்த மூன்று வசனங்கள், மூன்று நிறங்கள்! நடுவில் புது அதிகாரம் தொடங்குவதால் நாம் அங்கே நிறுத்திவிடுகிறோம். யூதர்களின் வாராந்தர வாசிப்பும் அங்கேதான் பிரிகிறது. தயவுசெய்து சேர்த்தே வாசியுங்கள். அவன் பாவம் செய்தான் என்று 9:34 சொல்கிறது, நானே செய்தேன் என்று 10:1இல் கர்த்தர் சொல்கிறார். ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க இந்த நூல் விடவில்லை. இந்தக் கதைக்கே சாவி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

படி 4: தமிழில் பெரும்பாலும் ‘கடினம்’ என்றே வருவதற்கு எபிரேயத்தில் மூன்று சொற்கள் உண்டு. காஷா என்றால் கடினம் (7:3). ஹாசாக் என்றால் பலப்படுவது (9:12). காவேத் என்றால் பாரமாவது (8:15, 9:34, 10:1). பார்வோனிடம் கர்த்தர் அனுப்பிய மோசே தன் வாய் மந்தமானது என்பதும் (4:10), பெய்த கல்மழை கொடியது என்பதும் (9:24) இதே காவேத்தான். எபிரேயப் பதிப்பைத் திறந்தால் 8:15 அங்கே 8:11ஆக இருக்கும், குழம்ப வேண்டாம்.

படி 5: இப்போது விளக்கவுரைகளுக்குப் போகலாம். பலமுறை எச்சரித்தும் திரும்பாதவனுக்குக் கடவுள் மனக்கதவை அடைக்கிறார் என்றார் 3ஆம் நூற்றாண்டின் ரபி (யூத மத ஆசான்) ரேஷ் லாகிஷ். மனந்திரும்பும் வழி அடைபட்டதே அவனுக்குத் தண்டனை என்றார் 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடஸ். 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த ஸ்ஃபோர்னோ என்ற யூத விளக்கவுரையாளரோ, வலி தாங்காமல் பணிந்துவிடாதபடி அவனுக்குத் தாங்கும் பலம் கொடுக்கப்பட்டது, அதனால் முடிவு அவன் கையிலேயே இருந்தது என்கிறார். ஹாசாக் வரும் இடங்களில் இது அழகாகப் பொருந்துகிறது. காவேத் வரும் 10:1இல் அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை.

அதே பேனாக்களோடு ஆதியாகமம் 45:5க்குப் போய்ப் பாருங்கள். தன்னை விற்ற சகோதரர்களிடம் யோசேப்பு பேசும் வசனம் அது. அந்த ஒரே வசனத்துக்கு நீலமும் சிவப்பும் தேவைப்படும்.