ராட்சதக் குளவியை உருவாக்குவது எப்படி: மூச்சிலிருந்து தொடங்குங்கள்

ஒரு குளவியை ஆட்டுக்குட்டி அளவுக்குப் பெரிதாக வரைந்துவிட்டால் அது ராட்சதக் குளவி ஆகிவிடாது. அது பறக்க வேண்டும், மூச்சுவிட வேண்டும், குஞ்சுகளுக்கு இரை தேட வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வேட்டையாடும் ஒரு குளவியை என் கற்பனைக் கதைக்காக நான் உருவாக்கிய வழி இது. இயற்கைத் தேர்வு பற்றி உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், கால்குலேட்டர் போதும். முப்பரிமாண மென்பொருளை இப்போதைக்குத் தொடாதீர்கள். திரையில் எந்த உருவமும் அழகாகச் சுழலும், அதன் எடையை யாரும் கேட்பதில்லை. நோட்டில் வரைந்தால் கட்டங்களை எண்ணியே இறக்கையின் பரப்பைச் சொல்லிவிடலாம்.

படி 1: இடத்தைக் காலி செய்யுங்கள். பருந்தும் வல்லூறும் சுற்றுகிற வானத்தில் பெரிய பூச்சிக்குப் பிழைப்பில்லை. ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகாநியூரா, தும்பிக்கு உறவான பூச்சி. இறக்கையை விரித்தால் 65 செ.மீ.க்கு மேல் இருக்கும். அப்போது பறவையே கிடையாது. என் கதையில் பறவைகள் அழிந்து 2 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

படி 2: எடைக் கணக்கு. 3 செ.மீ. குளவி 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை 10 மடங்கு ஆக்கினால் எடை 1000 மடங்கு, அதாவது 1 கிலோ. இறக்கைப் பரப்போ 100 மடங்குதான் கூடும். நம் ஊர்ப் பருந்து ஒரு கிலோவைத் தொடாது, ஆனாலும் சிறகு விரிப்பு ஒன்றரை மீட்டர் வரும். அதனால் இறக்கையை உடம்போடு சேர்த்துப் பெரிதாக்காமல் தனியாக நீட்டுங்கள். ரீங்காரம் போய்விடும், குளவி மிதக்க ஆரம்பிக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அதற்குப் போதும்.

படி 3: மூச்சு. இங்கே அவசரப்படாதீர்கள், பெரும்பாலான வடிவங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடம்பின் பக்கவாட்டுத் துளைகளில் நுழையும் காற்று, கிளை கிளையாகப் பிரியும் குழாய்களில் நேராகத் தசைக்கே போகிறது. உடம்பு நீண்டால் குழாயும் நீளும், கடைசி முனைக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேராது. சரி, குழாயை அகலமாக்கலாம் என்றால் கால் சேரும் இடத்தில் தசைக்கு இடம் இருக்காது.

மெகாநியூரா காலத்தில் காற்றில் ஆக்சிஜன் 30 சதவீதம் அளவுக்கு இருந்ததாகக் கணிக்கிறார்கள். இப்போது 21. அதைக் கூட்டிவிட்டு அடுத்த படிக்குப் போவது சுலபம்தான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அவ்வளவு ஆக்சிஜனில், சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் கொழுக்கட்டைப்புல்லும் கிளுவை வேலியும் ஒரு மின்னலுக்கே எரிந்து போகும். அப்புறம் வேட்டைக்கு எங்கே போவது?

வெயிலில் பறந்து வந்து சுவரில் உட்கார்ந்த குளவியின் வயிற்றைக் கவனியுங்கள். வளையங்கள் நீள்வதும் சுருங்குவதுமாகத் துருத்தி போல அடித்துக்கொண்டிருக்கும். அந்தத் துருத்தியை வளர்த்தெடுங்கள். வெட்டுக்கிளி முன்பக்கத் துளைகளில் காற்றை இழுத்து, பின்பக்கத் துளைகளில் விடக்கூடியது. அதே ஒருவழிப் பாதையை உங்கள் குளவிக்கும் கொடுங்கள். கூடவே ரத்தத்தில் ஹீமோகுளோபின். தேங்கிய தண்ணீரில் நெளியும் சிவப்புப் புழுக்களும் பூச்சிக் குஞ்சுகள்தான், அவற்றிடம் அது இப்போதே இருக்கிறது.

படி 4: இடுப்பு. இதை அகலமாக்கிவிடாதீர்கள், குளவியின் அழகே அதில்தான். இடுப்பு ஒடுங்கியிருப்பதால் வளர்ந்த குளவியால் இறைச்சியை விழுங்க முடியாது. பெரிய கூட்டுக்குளவிகள் இரையை மென்று புழுவுக்கு ஊட்டும். புழு சுரக்கும் சத்து நீரைத் தாங்கள் குடிக்கும். ஆக, என் குளவி முயலைப் பிடிப்பது புழுவுக்காக. புழு செத்தால் தாயும் பட்டினி.

பின்சேர்க்கை: தாராபுரத்து வாசகர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருந்தார்: குளவிகள் மரநாரை மென்று கட்டும் காகிதக் கூட்டில் தலைகீழாகத் தொங்கும் அரைக்கிலோ புழு கீழே விழாதா? விழும். அதனால் காகிதக் கூட்டை விட்டுவிட்டு மண் குளவி வழிக்கு மாற்றிவிட்டேன். பள்ளத்துக் கரையில் படுக்கைவாட்டில் மண் அறைகள், ஓர் அறைக்கு ஒரு புழு. கூட்டுப்புழுவாகிப் புது ஓடு இறுகும் வரை, இளகிய உடம்பு தன் எடையிலேயே நசுங்காமல் அறையின் தரை தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே வரைந்து வைத்திருப்பவர்கள் கூட்டை மட்டும் மாற்றினால் போதும், உடம்புக் கணக்கு அப்படியே இருக்கட்டும்.