லாகோஸ் போறீங்களா? ரூம் போடறதுக்கு முன்னாடி இதப் பாத்துக்கங்க

திருப்பூர்ல இருந்து பனியன் ஆர்டர் பேச நைஜீரியா போறவங்க டிக்கெட்டுக்கு நாலு நாள் தேடுவாங்க, ரூம மட்டும் ரேட்டு பாத்து சட்டுன்னு போட்டுருவாங்க. அப்படிப் பண்ணீராதீங்க. மொதல்ல வெளியுறவுத்துறை போடற பயண எச்சரிக்கைய (அட்வைசரி) படிங்க, வெளிநாட்டுல இருக்கற நம்மாளுக உதவி கேக்கறதுக்கான அரசாங்க வெப்சைட்டு மதத் (MADAD) போர்ட்டல்ல பேரப் பதிஞ்சு வைங்க, நைஜீரியா தலைநகரம் அபுஜால இருக்கற நம்ம ஹைகமிஷன் (தூதரகம்) நம்பர பேப்பர்லயும் எழுதிக்கங்க, போன் போச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?

லாகோஸ்ல வெளிநாட்டுக்காரங்க தங்கறது பெரும்பாலும் விக்டோரியா ஐலேண்ட், இக்கோயி பக்கம். ஆனா ஏர்போர்ட் இருக்கறது இக்கேஜால, ராத்திரி எறங்குனீங்கன்னா பாலந்தாண்டி அவ்வளவு தூரம் போகாம அன்னிக்கு மட்டும் இக்கேஜாலயே தங்கிருங்க, வண்டியும் ஓட்டல்லயே சொல்லி டிரைவர் பேரு வண்டி நம்பர் முன்னாடியே வாங்கிக்கங்க.

புக் பண்றப்ப கூச்சப்படாம கேளுங்க: கேட்டுல ராத்திரி காவல் இருக்குதா, ஜெனரேட்டர் இருக்குதா (அங்க கரண்டு நம்மூரு பவர்கட்டெல்லாம் ஒண்ணுமில்லைங்கற மாதிரி போகும்). தரைத்தளம் வேண்டாம், ஜன்னல் வழியா ஏறிருவாங்க, ரொம்ப மேலயும் வேண்டாம், தீப்பிடிச்சா ஏணி எட்டாது, மூணுல இருந்து அஞ்சாவது மாடி சரி. ரிசப்ஷன்ல மத்தவங்க காதுல விழற மாதிரி ரூம் நம்பர சத்தமா சொன்னாங்கன்னா வேற ரூம் கேளுங்க. கதவுக்கு அண்டக் குடுக்க ஒரு ரப்பர் ஆப்பு பேக்ல போட்டுக்கங்க, நம்மூரு ஹார்டுவேர் கடைலயே கெடைக்கும்.