நெட் கம்பெனி மாத்தும்போது ரவுட்டர் விஷயத்துல நம்ம பக்கம் பண்ற தப்புகள்

நெட் கனெக்ஷன மாத்தலாம்னு முடிவு பண்ணின உடனே பலபேரு மொதல்ல ஒரு ரவுட்டர் ஆர்டர் போட்டுர்றாங்க, அத கடைசியாத்தான் செய்யணும். புதுசா வர்ற லைன் என்ன லைன், அவங்க என்ன பொட்டி தர்றாங்க, உங்க வீட்டு அமைப்பு என்ன, இந்த மூணும் தெரிஞ்சதுக்கப்பறம்தான் எந்த ரவுட்டர்னே முடிவு பண்ண முடியும்.

லைன்ல இருந்து ஆரம்பிப்போம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் பழைய டெலிபோன் ஒயர்ல நெட் வச்சிருந்தவங்க வீட்டுல ஒரு மோடம் ரவுட்டர் இருக்கும், டெலிபோன் ஒயர் நேரா அதுலயே சொருகியிருக்கும். இப்ப ஃபைபருக்கு மாறும்போது "ரவுட்டர் என்கிட்ட ஏற்கனவே இருக்கே"ன்னு சொல்றாங்க. அது ஏடிஎஸ்எல் மோடம், ஃபைபருக்கு அது எடுக்காது. ஃபைபர் வந்து நிக்கிறதுக்கு ஓஎன்டி, சில பேரு ஓஎன்யூம்பாங்க, ஃபைபர்ல வர்ற ஒளிய நெட் சிக்னலா மாத்துற அந்த பொட்டி வேணும், அதுக்குப் பின்னாடிதான் உங்க ரவுட்டர், அதுல வான் (WAN)னு போட்ட ஈதர்நெட் போர்ட், அதாவது வெளி லைன் ஒயர் சொருகுற ஓட்டை, இருக்கணும்.

சரி, ஏற்கனவே ஃபைபர்தான், பழைய கம்பெனி ஓஎன்டிய புது கம்பெனி லைன்ல மாட்டிக்கலாமான்னா, பெரும்பாலும் முடியாது. ஒருத்தர் லைன் ஜிபான் (GPON), இன்னொருத்தரது இபான் (EPON)னு இருக்கலாம், ரெண்டும் ஃபைபர்ல நெட் அனுப்புற வேற வேற முறை. ரெண்டுமே ஒரே முறையா இருந்தாலும் அந்த பொட்டியோட சீரியல் நம்பர அவங்க ஆபீஸ் பக்கம் ஏத்தினாத்தான் லைட் எரியும். ஒயர் முனையில பச்சை கனெக்டர், நீல கனெக்டர்னு ரெண்டு இருக்கு, பச்சைய கொண்டுபோயி நீலத்துல அழுத்தி சொருகாதீங்க, ஏறின மாதிரி தெரியும் ஆனா உள்ள முனை சரியா சேராம சிக்னல் குறைஞ்சு போயிரும்.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடியே லைன் போட வர்றவர்கிட்ட நாலு விஷயம் கேட்டு எழுதி வச்சுக்குங்க. ரவுட்டர் லைனுக்குள்ள லாகின் பண்றதுக்கான பிபிபிஓஇ (PPPoE) யூசர்நேம் பாஸ்வேர்டு எங்ககிட்ட தருவீங்களா, ரவுட்டர் செட்டிங்ஸ்ல விலான் (VLAN) நம்பர் ஏதாவது போடணுமா, உங்க ஓஎன்டிய பிரிட்ஜ் மோட்ல, அதாவது அது ரவுட்டர் வேலை பாக்காம லைன மட்டும் கடத்துற மாதிரி, போட்டுத் தருவீங்களா, ரவுட்டர் மாத்துனா பழைய ரவுட்டரோட அடையாள நம்பரான மேக் அட்ரஸ நீங்க ரிலீஸ் பண்ணணுமா. இந்த கடைசி ஒண்ணு தெரியாம புது ரவுட்டர்ல கோளாறுன்னு கடைக்குத் திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க, ரவுட்டர் நல்லாத்தான் இருந்திருக்கும், பழைய மேக் அங்க பூட்டிக் கிடந்திருக்கும்.

வீட்டுல ஆச்சி தனியா இருந்து லேண்ட்லைன்தான் அவங்களுக்கு வழக்கம்னா இன்னொண்ணையும் பாக்கணும். ஃபைபர்ல அந்த போன் ஓடுறது கம்பெனி ஓஎன்டில இருக்கிற போன் போர்ட் வழியா. அத கழட்டிட்டு சொந்தமா ஒண்ணு மாட்டுனா நெட் வரலாம், போன் செத்துரும். அத அப்படியே விட்டுட்டு பின்னாடி உங்க ரவுட்டர போடுங்க. பிரிட்ஜ் மோட் தரமாட்டேன்னா உங்க ரவுட்டர ஆக்சஸ் பாயின்ட் மோட்ல வைங்க, வெறும் வைஃபை குடுக்கிறதுக்கு அது போதும்.

இப்ப வாங்குற விஷயம். அட்டைப்பெட்டில ஏசி 1200னு போட்டிருந்தா 1200 எம்பிபிஎஸ் வரும்னு நினைக்காதீங்க, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல 867, ரெண்டையும் கூட்டி ரவுண்டா போட்டது அது, அதுவும் காகிதக் கணக்கு. அதவிட முக்கியம் பின்னாடி இருக்கிற போர்ட். விலை கம்மி ரவுட்டர் பலதுல 10/100 போர்ட்தான் இருக்கும், நீங்க 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் அதுல 95 தாண்டாது, மாசாமாசம் மிச்ச ஸ்பீடுக்கு சும்மா பணம் கட்டிக்கிட்டு இருப்பீங்க. கிகாபிட் போர்ட்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஆன்டெனா எத்தனைங்கிறத வச்சு வாங்காதீங்க.

நம்ம வீடுகளுக்குன்னு தனியா இருக்கிற பிரச்சனை இனிமேதான். சென்னை பிளாட்டுக்கு எழுதுன ஆலோசனை செட்டிநாட்டு வீட்டுக்கு ஒத்து வராது. முன் வாசல் ஒரு தெருவுல, பின் வாசல் அடுத்த தெருவுல, நடுவுல முகப்பு, பட்டாலை, வளவுங்கிற நடு முத்தம், ரெண்டாங்கட்டு, அடுப்படி. சுண்ணாம்புக் காரை பூசின கனமான செங்கல் சுவரு, பர்மா தேக்கு கதவு, மேல இரும்பு உத்தரம், சுவத்துல ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி, அதுக்குப் பின்னாடி இருக்கிற பூச்சு உலோகம், அது சிக்னல திருப்பி விட்டுரும். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரு கன சுவரத் தாண்டுறதே பெரிய பாடு, 2.4 கொஞ்சம் தாங்கும் ஆனா அதுவும் ரெண்டாங்கட்டு வரைக்கும் போனாப் பெருசு. இதுக்கு இருபதாயிரத்துக்கு ஒரே ரவுட்டர் வாங்கி முகப்புல வைக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப வருத்தமான செலவு, ஏன்னா அதுல பாதி காசுக்கு சாதாரண வைஃபை 6 ரவுட்டர் ரெண்டு வாங்கி நடுவுல ஒரு ஒயர் இழுத்திருந்தா வீடு முழுக்க கிடைச்சிருக்கும்.

சிக்னல வாங்கித் திருப்பி அனுப்புற ரிப்பீட்டரும் இதே கதைதான். சிக்னலே வராத அடுப்படில கொண்டுபோயி ரிப்பீட்டர சொருகுனா அது எத எடுத்து திருப்பி அனுப்பும், சிக்னல் நல்லா இருக்கிற எடத்துல வச்சாலும் ஒரே பேண்ட்ல வாங்கி அதுலயே குடுக்கிற ரகம்னா ஸ்பீடு பாதியாயிரும். ரெண்டு மூணு பொட்டி சேந்து ஒரே வைஃபையா ஓடுற மெஷ் வாங்குனாலும் ஒயர் இல்லாம இந்த சுவருகளோட மல்லுக்கட்ட விடாதீங்க, ஒவ்வொரு பொட்டிக்கும் கேட் 6 கேபிள் போகட்டும், 100 மீட்டர் வரைக்கும் தாராளமா போகும், நம்ம வீட்டு நீளத்துக்கு அது எதேஷ்டம். கேபிள் வாங்கும்போது முழுக்க செம்புன்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்துல செம்பு பூசினது சல்லிசா கிடைக்கும், கொஞ்ச நாள்ல தகராறு பண்ணும். ஒயருக்காக தரையில இருக்கிற ஆத்தங்குடிக் கல்லப் பேத்துராதீங்க, தயவுசெஞ்சு. பழைய கரண்ட் ஒயர் போற கட்டைக்குப் பக்கத்துலயே, கரண்ட் ஒயரோட ஒட்டாம கொஞ்சம் தள்ளி, உத்தரத்த ஒட்டிக் கொண்டு போயிரலாம்.

வளவு நமக்கு ஒரு வரம். மேல திறந்த வாசல், சுத்தித் தூண், இடையில சுவரே கிடையாது. ரவுட்டர அந்த வளவு பாத்த மாதிரி, சாரல் படாத எடத்துல தூணுக்கு மேல வச்சா சுத்தி இருக்கிற அறைகளோட வாசப்படி வரைக்கும் 5 கிகாஹெர்ட்ஸே நல்லா வரும். லைன் போட வர்றவங்க சுலபமா இருக்குன்னு முகப்புலயே ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போயிருவாங்க, நீங்க நின்னு உள்ள வரைக்கும் ஃபைபர இழுக்கச் சொல்லுங்க.

சிங்கப்பூர், மலேசியாவுல இருந்து வர்ற சொந்தக்காரங்க ரவுட்டர் கொண்டாந்து தர்றது நம்ம ஊர்ல சகஜம், அன்போட தர்றாங்க. மின்சாரத்துக்கு பிரச்சனை இல்ல, அங்கயும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேற. ஆனா அங்க நெட் கம்பெனியே குடுத்த ரவுட்டர்னா செட்டிங்ஸ் பூட்டியிருக்கலாம், வாரன்டிக்கும் இங்க யாரும் பொறுப்பெடுக்கிறது கஷ்டம்.

பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு சிசிடிவி போட்டு வெளியூர்ல இருந்து பாக்குறவங்க, பழைய லைன்ல போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியில இருந்து நேரா கேமராவுக்கு வர்ற வழி, வச்சிருந்தா, புது கம்பெனில உங்க வீட்டுக்குன்னு தனி நெட் முகவரியான பப்ளிக் ஐபி உண்டான்னு கேட்டுருங்க. பல எடத்துல ஒரே ஐபிய நிறைய வீட்டுக்குப் பங்கு போட்டுத்தான் தர்றாங்க, அதுல எவ்வளவு விலை ரவுட்டர் வாங்குனாலும் போர்ட் தொறக்காது, கேமரா பதிவுப் பொட்டியான டிவிஆரோட கிளவுட் ஆப் வழியாத்தான் பாக்கணும். புது ரவுட்டர்ல பழைய வைஃபை பேரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வச்சுட்டா கேமரா, டிவி எல்லாம் தானா ஒட்டிக்கும். கேமரா பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பிடிக்கும், அத ஆஃப் பண்ணிராதீங்க. இன்வெர்ட்டர் லைன்ல ரவுட்டர மட்டும் மாட்டி ஓஎன்டிய மறந்துராதீங்க, ரெண்டும் இருந்தாத்தான் கரண்ட் போனாலும் நெட் ஓடும்.

புது லைன் ஒரு வாரமாவது ஒழுங்கா ஓடுற வரைக்கும் பழசக் கட் பண்ணாதீங்க. அப்பறம் பழைய கம்பெனி பொட்டிய அடாப்டரோட சேத்துத் திருப்பிக் குடுத்து, சீரியல் நம்பர் போட்டு ரசீது வாங்கிக்குங்க, டெபாசிட் திரும்ப வர்ற வரைக்கும் அந்த ரசீது கையில இருக்கட்டும்.